சகலை பார்த்துவிட்டு வந்த குகை

பதினோரு வருடமாக ஒருவர் ஓர் இடத்துக்குப் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய சகலை, வேலைக்குப் போட்டுப்போன செருப்போடு, ஒரு காலை நேரத்தில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறான். பல்செட்டுக்காரருக்கு நேர்ந்தது இவ்வளவுதான். இதைத் துக்கம் என்று சொல்ல முடியாது. யாரிடமும் போய் ஆறுதல் கேட்கவும் முடியாது. அதனாலேயே அது அவரை உள்ளேயிருந்து தின்றது.

மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் பின்பக்க அறையில் அவருக்கு வேலை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை எடுப்பார். அதன்மேல் மெழுகு கட்டி, பல் வைத்து, செட்டாக்கிக் கொடுப்பார். இருபத்தாறு வருடமாக அதே அறை, அதே ஜன்னல். ஜன்னல் மேடையில் தாடைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். எது யாருடைய வாய் என்று அவருக்குத் தெரியாது. கூட வரும் சீட்டில் ‘வலது மேல் நான்கு, ஐந்து’ என்பதுபோல் எழுதியிருக்கும், அவ்வளவுதான். அவர் செய்த செட்டு திரும்பி வந்ததாகப் பேச்சில்லை. கெட்டிக்காரர் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் மிகை.

குகைகள் அவர் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு பழைய புத்தகத்தின் வழியாக. நடைபாதைக் குவியலில் கிடைத்தது. குதிரைலாடம்போல் வளைந்த ஒரு பள்ளத்தாக்கு, அதன் பாறைச் சுவரில் வரிசையாகக் குடைந்த பௌத்தக் கோயில்கள். இவற்றைப் பற்றி மட்டுமே முந்நூறு பக்கம். உள்ளே மடித்து வைத்திருந்த வரைபடத்தை மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் கிழித்துக்கொண்டு போயிருந்தான். மிச்சமிருந்த எழுத்தில் ஒரு விஷயம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கோயில்களை யாரும் கட்டவில்லை. கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வெட்டிக்கொண்டே வந்து, வேண்டாத பாறையை வெளியேற்றியிருக்கிறார்கள். எஞ்சியதுதான் தூண், எஞ்சியதுதான் புத்தர். மெழுகில் தவறினால் இன்னொரு சொட்டு விட்டுச் சரிசெய்துவிடலாம். பாறையில் ஒரு வெட்டு தவறினால் ஒட்ட வைக்க முடியாது. அதை நினைத்துப் பார்த்த அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டை மறந்தார்.

அன்று தொடங்கியது திட்டம். சும்மா போய்ச் சுற்றிப் பார்ப்பதற்கு அவருக்கு மனமில்லை. எந்தக் குகைக்குள் எந்த நேரத்தில் வெயில் நுழையும், எங்கே நின்றால் எந்த முகம் தெளியும் என்று மணிக்கு மணி கணக்குப் போட்டு எழுதினார். கிழிந்துபோன வரைபடத்துக்குப் பதில், புத்தகத்தைப் படித்துப் படித்துத் தானே ஒன்று வரைந்தார். லாட வடிவம் அவர் கைக்குப் புதிதில்லை. தினமும் தடவிப் பார்க்கும் மேல்தாடையின் வடிவம்தான் அது. பல்லுக்குப் போடுவதுபோல் குகைகளுக்கு எண் போட்டார். புகைப்படம் மட்டும் பார்ப்பதில்லை என்று ஒரு பிடிவாதம். போனில் தட்டினால் ஆயிரம் வரும். ஆனால் முதல் பார்வையை ஒரு போனிடம் பறிகொடுக்க அவர் தயாராக இல்லை.

ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு மணிக்கணக்கு இடித்தது. பயணம் அடுத்த வருடத்துக்குப் போனது.

“அந்தக் குகைய வெட்டினவங்களே இவ்வளவு நாள் எடுத்திருக்க மாட்டாங்க” என்பாள் மனைவி.

வீட்டில் வாதாடி ஜெயித்ததாக அவருக்குச் சரித்திரம் இல்லை. ஆனால் குகை என்று யாராவது வாயெடுத்தால் எல்லோரும் அவர் பக்கம் திரும்புவார்கள். அந்தக் குடும்பத்தில் அவருக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான்.

அந்த இடத்தில்தான் சகலை வந்து உட்கார்ந்தான். மனைவியின் தங்கையைக் கட்டியவன், லிஃப்ட் மெக்கானிக். இவர்கள் விருந்துக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைகூடக் கழுவாமல் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆரம்பித்தான்.

“அண்ணே, நீங்க சொல்லிக்கிட்டே இருப்பீங்களே, அந்தக் குகை. போய்ட்டு வந்துட்டேன்!”

“எந்தக் குகை?” என்றார் பல்செட்டுக்காரர், நூறு குகை கைவசம் வைத்திருப்பவர்போல.

“அதான், லாடம் மாதிரி வளைஞ்சு இருக்குமே. பக்கத்து ஊர் ஓட்டல்ல லிஃப்ட் நின்னு போச்சுன்னு அனுப்புனாங்க. பார்ட்ஸ் மத்தியானம்தான் வரும்னான். அங்க இருந்த வாட்ச்மேன், சும்மா உக்காந்திருக்கறதுக்குப் போய்ட்டு வாங்க சார்னு சொன்னார். போட்டிருந்த செருப்போட அப்படியே போனேன். எட்டரை மணி இருக்கும் அண்ணே. ஒரு குகைக்குள்ள காலை வைக்கிறேன், வெயில் நேரா உள்ள வந்து புத்தர் மூஞ்சில விழுது. யாரோ சுவிட்ச் போட்ட மாதிரி!”

“அப்படியா தம்பி!” என்றாள் மனைவி, கையில் எடுத்த தண்ணீரைக் குடிக்க மறந்து.

பதினோரு வருடமாக அவர் குகையைப் பற்றிச் சொன்ன எதற்கும் அவள் ‘அப்படியா’ என்றதில்லை. ‘ம்’ என்றிருக்கிறாள். ‘சாப்பிட வாங்க’ என்றிருக்கிறாள். அவருக்குச் சேர வேண்டிய அந்த ஒரு சொல், கண்ணெதிரே, விலாசம் மாறி இன்னொருவன் மடியில் போய் விழுந்தது.

சகலை எடுத்த படங்களோடு போன் கைமாறிக் கைமாறி வந்தது. கொழுந்தியாள் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “பாருங்க அத்தான்!”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வேண்டாம்மா. நான் நேர்ல பாத்துக்கறேன்.”

“எப்போ, அடுத்த பிறவியிலயா?” என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். சகலையும் சிரித்தான். அதில் கள்ளமில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. கள்ளமிருந்தால் வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும்.

கடைசியில் மனைவி தீர்ப்புச் சொன்னாள். “நாம நாலு பேரும் சேர்ந்து போவோம். தம்பிக்குத்தான் எடம் தெரியுமே.”

யாரோ ஒரு பேராசிரியர் அந்தக் குகைகளில் முப்பது வருடம் குடியிருந்தார் என்று கேட்டிருந்தால் பல்செட்டுக்காரர் மரியாதையாகத் தலையாட்டியிருப்பார். பொறாமைக்குத் தூரம் ஒத்துவராது. ஒரே மேசையில், ஒரே சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பவனிடம்தான் அது வேரோடும். அன்று வீடு திரும்பும்போது அவர் வாயில் ஒரே ஒரு சொல்தான் அரைபட்டுக்கொண்டிருந்தது: செருப்போடு. செருப்போடு!

அடுத்த ஞாயிறு, திட்டம் பேசக் கூடினார்கள். இந்த முறை பல்செட்டுக்காரர் ஆயுதத்தோடு போனார். நோட்டைத் திறந்து வரைபடத்தை மேசையில் விரித்ததும் கொழுந்தியாள் வாயைப் பிளந்தாள். இருபத்தெட்டுக் குகைகள், மூன்று நாட்கள், கால்மணி நேரக் கணக்கு, மூன்று வண்ணப் பென்சில்.

“அத்தான், இது என்ன பரீட்சையா?”

“பாக்கறதுன்னா இப்படித்தான்மா பாக்கணும். முதல் நாள் காலையில எடது கைப் பக்கம். வலது கைப் பக்கக் குகைங்க எல்லாம் சாயங்காலம். வெயில் அப்பதான் அங்க உள்ள போகும்.”

சகலை வரைபடத்தின்மேல் குனிந்தான். காதைச் சொறிந்தான். “அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? ஆத்தத் தாண்டி உள்ள நொழைஞ்சா, முதல் குகை வலது கைப் பக்கம்தானே?”

“ஆமா.”

“நான் நின்னது அங்கதான். காலைலதான் வெயில் அடிச்சுது. நீங்க சாயங்காலம்னு போட்டிருக்கீங்க.”

“நீ எவ்வளவு நேரம் இருந்தே?”

“மூணு மணி நேரம் இருக்கும்.”

“நான் பதினோரு வருஷமா போய்க்கிட்டு இருக்கேன்.”

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவருக்கே உறைத்தது. “எங்க போனீங்க?” என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சகலைதான் காப்பாற்றினான். “விடுங்க அண்ணி. எனக்குத்தான் தடுமாறியிருக்கும். லிஃப்ட்டுக்காரனுக்கு மேல கீழதான் தெரியும், எடது வலது எங்க தெரியுது? அண்ணன் சொல்றபடியே போவோம்.”

ஜெயம் அவருக்குத்தான். ஆனால் விட்டுக்கொடுத்தவனின் கையிலிருந்து வாங்கிய ஜெயம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவி ரயிலுக்கு முன்பதிவு செய்துவிடுவது என்று முடிவானது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மேல்தாடை வந்தது. சீட்டில் ‘வலது மேல் ஆறு’. பல்செட்டுக்காரர் பென்சிலை எடுத்து, தாடையை மேசையில் வைத்து, அதன் இடது ஓரத்தில் குறி போட்டார். சரியான குறிதான். வாயைத் திறந்து எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது, பார்க்கிறவருக்கு இடது. பல் வேலையில் காகிதத்தின் இடப்பக்கம்தான் எப்போதும் வலது. அதை அவர் யோசிப்பதில்லை. இருபத்தாறு வருடமாகக் கை தானாகவே போகும்.

பென்சில் அந்தரத்தில் நின்றது.

பையிலிருந்து நோட்டை எடுத்தார். லாட வடிவம். ‘வலது’ என்று அவர் கையெழுத்து. காகிதத்தின் இடப்பக்கத்தில்.

எதிரே திறந்த வாய்போல அந்தப் பள்ளத்தாக்கை வரைந்திருக்கிறார். ஆனால் அதற்கு எதிரே யாரும் உட்காரப் போவதில்லை. உள்ளே நடக்கப் போகிறார்கள். நடந்து நுழைகிறவனுக்கு வலது வலதுதான். அவர் கணக்கில் சூரியன் சரியாகத்தான் உதித்தது. குகைகள்தான் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. காலை வெயில் விழும் குகைகளுக்கு மாலையையும், மாலை வெயிலுக்கு உரியவற்றுக்குக் காலையையும் கொடுத்து, மூன்று நாளும் இருட்டைப் பார்க்கத் துல்லியமாகத் திட்டம் போட்டிருந்தார்.

“என்னண்ணா, பல்லுவலிக்காரர் மாதிரி கன்னத்துல கை வச்சிட்டீங்க?” என்றாள் பக்கத்து மேசையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தவள்.

“ஒண்ணுமில்ல.”

பிழை சுட்டது உண்மைதான். ஆனால் பிழையைவிட, அதைக் கண்டவன் யார் என்பதுதான் அதிகம் சுட்டது. ஒரு புத்தகமோ, ஒரு நிபுணரோ, ஏன், மனைவியோ காட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். அதுவும் அவன் தப்பென்று சொல்லவில்லை. காலையில் வெயில் அடித்தது என்று மட்டும்தான் சொன்னான்.

யாருக்கும் தெரியாது. சத்தமில்லாமல் அழித்து எழுதிவிடலாம். ஆனால் அங்கே போய் நின்றதும் சகலை சொல்வான்: ‘பாத்தீங்களா அண்ணே, நான் சொன்னேன்ல.’ சொல்லாமல் இருந்தாலும் இருப்பான். அது இன்னும் மோசம். இன்னொரு வழியும் இருந்தது. வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அடுத்த வருடம் பார்ப்போம் என்று தள்ளிவிடலாம். ஒரு வருடத்தில் அவன் எல்லாவற்றையும் மறந்துவிடுவான். தான் மட்டும் முதலில் போய்விட்டு வரலாம். தனக்குள் இவ்வளவு தூரம் கணக்குப் போடும் ஒரு ஆள் இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போனபோது மனைவி போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். “நாலு பேர் பேரும் அடிச்சாச்சு. போடவா?”

அடுத்த வருடம் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் செருப்பைக் கழற்றினார். முகம் கழுவினார். துண்டால் தேவைக்கு மேல் துடைத்தார். இப்போது வேண்டாம் என்று சொன்னால் எப்போதும் போகப் போவதில்லை என்பது துண்டுக்குள்ளேயே தெரிந்துவிட்டது. பதினோரு வருடமாக இடித்தது மணிக்கணக்கு என்றுதான் நினைத்திருந்தார்.

“போடு” என்றார். பிறகு, துண்டை முகத்திலிருந்து எடுக்காமலேயே, “வரைபடத்துல எடது வலதா மாறிப் போச்சு. அவன் சொன்னதுதான் சரி.”

அவள் கேலி செய்வாள் என்று காத்திருந்தார். அவளோ முன்பதிவை முடித்துவிட்டு நேரே தங்கை வீட்டுக்குப் போன் போட்டு, சகலையைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள்.

“அட, அத விடுங்க அண்ணே” என்றான் அவன். “அதுக்குப் போயா?”

வேறு வழியில்லாமல் பல்செட்டுக்காரர் கேட்டார், இத்தனை நாள் கேட்கவே கூடாது என்றிருந்ததை. “அங்க வேற என்ன பாத்தே?”

“பெருசா ஒண்ணும் இல்ல அண்ணே. லிஃப்ட் மாட்டறதுக்கு முன்னாடி வெறும் குழியில போய் நிப்பேன்ல, அந்த மாதிரி ஜில்லுனு இருந்துச்சு. ஒரு குகைய பாதியில விட்டிருக்காங்க. மேல கூரை சும்மா வழவழன்னு முடிஞ்சிருக்கு, கீழ தரை கரடுமுரடா கெடக்கு. அப்ப மேல இருந்துதானே அண்ணே வெட்டிக்கிட்டு வந்திருக்கணும்? கட்டறதுக்கு நேர் எதிரால்ல இருக்குன்னு நெனைச்சேன்.”

பல்செட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். அவர் அதைப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். இவன் அண்ணாந்து பார்த்து, குனிந்து பார்த்து, அங்கேயே பிடித்திருக்கிறான். தான் எதைத் தன்னுடையது என்று பொத்தி வைத்திருந்தாரோ, அது அவனுக்கு ஸ்பேனரோடு ஸ்பேனராகக் கிடைத்திருக்கிறது. பழைய எரிச்சலின்மேல் புதியது ஒன்று ஏறியது. இந்த முறை அதற்குக் காரணம் நியாயமாக இருந்தது.

“சரியாத்தான் பாத்திருக்கே” என்றார். வேரோடு பிடுங்கியதுபோல் வந்தது அந்த வார்த்தை.

“அண்ணி, பேசறது அண்ணன்தானா?” என்றான் சகலை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் புதுத் தாளில் வரைபடத்தை மறுபடி போட்டார். வலதை வலதில் எழுதினார். முதல் நாள், காலை எட்டரை, வலது கைப் பக்கக் குகை. எதிரே ஆளுக்கொரு கட்டம். மனைவி ஈரக்கையோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“எட்டரைக்கு நாம மூணு பேர்தானா? தம்பிக்கு என்னமோ ‘டிக்கெட் வரிசை’ன்னு எழுதியிருக்கீங்க?”

“அவன்தான் அத ஏற்கெனவே பாத்துட்டானே.”

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“அப்படியா” என்றாள்.

பதினோரு வருடமாக அவர் காத்திருந்த சொல்தான். இந்தக் குரலில் வரும் என்று எதிர்பார்த்திருக்கவில்லை. அவள் உள்ளே போய்ப் பாத்திரங்களை அடுக்கும் சத்தம் கேட்டது. அவர் ரப்பரைத் தேடி எடுத்தார்.