வாசலில் நிற்க ஆள் தேடி மன்னாருக்கு

கொழும்பில் வருடா வருடம் நாங்கள் நடத்தும் சித்திரக்கதை, அனிமேஷன் ரசிகர் விழாவுக்குத் தொண்டர்களைச் சேர்ப்பது என் பொறுப்பு. மூன்று நாள் விழா. பிடித்த பாத்திரங்களைப் போல உடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் வருவார்கள். போன முறை மன்னாரிலிருந்து வந்த ஒரு குடும்பம், தமிழில் வழி சொல்ல ஆளில்லாமல், பிழையான வரிசையில் அரை நாள் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. பிள்ளையின் முதுகில் அட்டையால் செய்த சிறகு. அது வாசலைத் தாண்டிப் போவதைக் கண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். அதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள்.

இந்த முறை தமிழ் பேசும் தொண்டர்கள் போதுமான அளவு கிடைக்காவிட்டால் தமிழில் நிகழ்ச்சிகள் நடக்கும் தமிழ் அரங்கையே விட்டுவிடலாம் என்று விழாக் குழுவில் பேச்சு வந்தது. அதனால் மே மாதக் கடைசியில் மன்னாருக்குப் புறப்பட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. மன்னாரை அடுத்த எருக்கலம்பிட்டியில் இருக்கும் ரிஸ்னாவை இணையத்து ரசிகர் குழுவில் ஆறு வருடங்களாகத் தெரியும். ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

காலை ஆறரைக்குக் கொழும்பு புறக்கோட்டையில் பஸ் ஏறினேன். புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி வழியாக ஏறக்குறைய 310 கிலோமீட்டர். கட்டணம் 1,350 ரூபாய். பிற்பகல் மூன்றரைக்கு மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. இறங்கியதும் காற்று பையையே இழுத்தது. (மே முதல் ஓகஸ்ட் வரை வருபவர்கள் தொப்பியைக் கொழும்பிலேயே விட்டுவிட்டு வரலாம்.)

எருக்கலம்பிட்டிக்கு ஓட்டோ, காத்திருந்து திரும்ப 2,000 ரூபாய். சாரதி, என்ன அலுவலாக வந்திருக்கிறேன் என்று விசாரித்தார். விழாவைப் பற்றி விளக்கினேன். சம்பளம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நல்லாக் கதைக்கத் தெரிய வேணும்" என்றார்.

நன்றாகத்தான் கதைத்தேன் என்று நினைத்தேன். ரிஸ்னா தன் மச்சானின் டியூஷன் வகுப்பில் பத்துப் பதினைந்து இளைஞர்களையும் யுவதிகளையும் கூட்டி வைத்திருந்தாள். இலவச சேர்ட், சாப்பாடு, சான்றிதழ், அனுபவம் என்று அடுக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தார்கள். மரியாதையாகச் சிரித்தார்கள். ஒருவரும் பெயர் தரவில்லை. வெளியில் போகும்போது ஒரு பெண் மட்டும் நின்று, தமிழ் அரங்கில் என்ன படம் போடுவார்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகு ரிஸ்னாவின் வீட்டில் தேத்தண்ணி. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட 1990இல் ஊரைவிட்டுப் போக நேர்ந்த குடும்பம் அது. அவள் பிறந்தது புத்தளத்தில், திரும்பி வந்தது பத்து வயதில். இப்போது, பாரிசவாதத்தில் விழுந்த வாப்பாவைப் பார்த்துக்கொண்டு, வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். அறைக்குள் கூட்டிப்போய் அலுமாரியைத் திறந்தாள். எங்கள் விழாவுக்கென்று ஒவ்வொரு வருடமும் அவள் தைத்த உடைகள் வரிசையாகத் தொங்கின. கடைசியில் கடல்நீலத்தில் ஒரு நீண்ட மேலங்கி, அதற்குப் பொருத்தமான நிறத்தில் தலைச்சீலை. விழா நாளில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்ப்பாளாம்.

அவளிடமும் கேட்டேன். நீயாவது தொண்டராக வருவாயா என்று.

"அக்கா, ஆறு வருசமா உங்கட விழாப் படங்களைப் போனிலதான் பாக்கிறன். உள்ளுக்கு நிண்டு ஒருக்காப் பாக்க வேணும் எண்டுதான் ஆசை. நீங்கள் என்னை வாசல்ல நிக்கக் கேக்கிறீங்கள்" என்றாள். கோபமில்லை. சொல்லிவிட்டு அலுமாரியைச் சாத்தினாள்.

மன்னார் நகரத்தில் எடுத்திருந்த அறைக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு விடவில்லை. நான் சந்தித்தவர்கள் எல்லோருமே விழா மண்டபத்தின் கதவுக்கு உள்ளே போக ஏங்குகிறவர்கள். நான் போய் அவர்களிடம் கதவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாழ்வுபாட்டுக்குப் போனேன். படகுகளுக்குப் பின்னால் மீன் காய்ந்துகொண்டிருந்தது. அங்கே ஜெனோவா என்ற பெண், மீன் வாங்கும் கொம்பனி ஒன்றின் கந்தோரில் வேலை. ரசிகர் குழுவில் படம் வரைந்து போடுபவள். ஒவ்வொரு வருடமும் மடு மாதா கோயில் திருவிழாவில் யாத்திரிகர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் தொண்டு செய்கிறவள் என்பது அன்றுதான் தெரிந்தது. எதற்காகப் போகிறாய் என்று கேட்டேன்.

"தண்ணி குடுக்கிறதுக்கு எண்டு ஆர் போவினம்? மாதாவைப் பாக்கத்தான் போறம். பூசை நேரத்துக்கு ஆள் மாத்தி விடுவினம். அதால மிச்ச நேரம் தண்ணி குடுக்கிறது பாரமாத் தெரியாது."

அங்கிருந்தே விழாக் குழுவுக்குத் தொலைபேசி எடுத்தேன். தொண்டர்களுக்கு அரை நாள் வேலை, அரை நாள் உள்ளே, விருப்பமான உடையில். யார் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று முதலில் கேட்டு, அதற்கு இடைஞ்சல் இல்லாமல்தான் வேலையைப் பிரிக்க வேண்டும். பெண்கள் தங்க வெள்ளவத்தையில் ஒரு வீடு, போக வர பஸ் செலவு. நீண்ட வாக்குவாதம். கடைசியில் சம்மதித்தார்கள். மாலையில் மறுபடி எருக்கலம்பிட்டி. இம்முறை பேசியது நான் அல்ல, ரிஸ்னா. சேர்ட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தமிழ் அரங்கில் என்னென்ன நடக்கும் என்று, போயே இராத அந்த இடத்தை மூலை மூலையாகச் சொன்னாள். அவள் சொல்லக் கேட்டபோது எனக்கே அங்கே போக வேண்டும்போல இருந்தது.

விழாவுக்கு மன்னாரிலிருந்து இருபத்திரண்டு பேர் வந்தார்கள். தமிழ் அரங்கு மூன்று நாளும் நடந்தது. ஜெனோவா வரிசைகளைப் பார்த்துக்கொண்டாள். ஒருவரும் பிழையான இடத்தில் நிற்கவில்லை.

இதேபோல ஆள் சேர்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள். முதல் நாள் பேச்சு பெரும்பாலும் வீண்தான், இரண்டாம் நாளுக்கு இடம் வையுங்கள். நகரத்தில் சாதாரண அறை 5,000 ரூபாய்க்குக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மதியம் எருக்கலம்பிட்டியில் கூட்டம் வைக்க வேண்டாம், தாழ்வுபாட்டில் ஞாயிறு காலையும் வேண்டாம். யுவதிகள் வர வேண்டுமானால் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருடன் கதையுங்கள், தங்குமிடத்தின் படத்தைக் காட்டுங்கள். நன்றி சொல்வதை விழா முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

ரிஸ்னா மட்டும் விழாவுக்கு வரவில்லை. அந்த வாரம் வாப்பாவை மன்னார் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. மூன்றாம் நாள் பின்னேரம் அழைத்தாள். வேலையாக நிற்கிறேனா என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன்.

"அப்ப உள்ளுக்குப் போங்கோ அக்கா. கதைக்க வேண்டாம். போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாப் போதும்."

தமிழ் அரங்கு நடக்கும் மண்டபத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இத்தனை வருடத்தில் நிகழ்ச்சி நடக்கும்போது நான் அந்த மண்டபத்துக்குள் கால் வைத்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விளக்குகள் அணைந்தன. திரையில் முதல் வெளிச்சம் விழுந்ததும் முழு மண்டபமும் ஒரே குரலில் ஆர்ப்பரித்தது. போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தேன். கை வலித்தபோது இறக்கிக் காதில் வைத்தேன். மறுபக்கம் ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி ஒன்று உருளும் சத்தம், அவளுடைய மூச்சு.

"இன்னும் கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள்.

நின்றேன்.