இரண்டு விரல் துணி

என் சித்தி தையற்காரி. தெருவில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை அவள் கையில்தான் உருவாகும். தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை மடித்து விட்டுவிடுவாள். பிள்ளை வளர்ந்தால் பிரித்துப் பெரிதாக்கலாம். பெரியவர்கள் துணி என்றால் ஒட்ட வெட்டிவிடுவாள். இனி எங்கே வளரப்போகிறார்கள் என்று கேட்பாள்.

சித்தப்பா ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு மூட்டையையும் தட்டி, தடவி, புரட்டிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு, அனுப்புங்க" என்று அவர் சொன்னால்தான் வண்டி நகரும். வீட்டிலும் அதே கதைதான். வெங்காயத்தைக்கூட ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத்தான் கூடையில் போடுவார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'செக்கிங்'. கடவுளையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தியை ஆலய வாசல்வரை கொண்டுவிட்டு, வெளியே மர நிழலில் நின்றுகொள்வார். பார்க்காத சரக்குக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்பது அவர் கட்சி.

சித்திக்கு நோய் முற்றி, மருத்துவர் கைவிரித்த வாரம், வெள்ளைத் துணி வாங்கிவரச் சொன்னாள். தன் அடக்கத்துக்கான கவுனைத் தானே தைத்துக்கொள்ளப் போகிறாளாம். வேறு யார் தைத்தாலும் கழுத்து சரியாக உட்காராதாம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் பொத்தான் துளை போட உட்கார்ந்தேன்.

அந்த மதியங்கள் தூக்கத்தில் பார்த்தவை போலவே இருக்கின்றன. ஜன்னல் வெயில் துணியில் விழுந்து அறை முழுக்க வெள்ளையாகிவிடும். தையல் மெஷின் கொஞ்சம் ஓடும், சித்தி மூச்சு வாங்கிக்கொள்வதற்காக நிற்கும், மறுபடி ஓடும். சித்தப்பா நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் கண்ணை மூடியிருப்பார். சத்தம் நின்றால் விழிப்பார். ஓடினால் சொக்கிப்போவார். துணி அவர் மடியிலும் தரையிலும் வழிந்து கிடக்கும்.

ஒருநாள் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"மறுபடியும் உன்னைப் பாப்பேனா?"

"பாப்பீங்க," என்றாள் சித்தி, ஊசியில் நூல் கோத்தபடி. "இயேசு கல்லறைய விட்டு எழுந்து வந்தவரு. என்னை மட்டும் அங்கேயே விட்டுடுவாரா? நம்ம மேல அவருக்கு அவ்வளவு பிரியம்ங்க."

"என்னைத் தேத்தறதுக்காகச் சொல்ற."

சித்திக்கு இருமல் வந்துவிட்டது. சித்தப்பா மேற்கொண்டு கேட்கவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்: இவள் நிஜமாகவே நம்புகிறாளா, இல்லை எனக்காகப் பேசுகிறாளா? அது தெரியாமல் அவளை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

கவுன் முடிந்த அன்று, வழக்கம்போல அதை வாங்கி உள்பக்கம் வெளியே வரப் புரட்டினார். அவர் விரல் ஓரத் தையலில் போய் நின்றது.

"இதுல எதுக்குத் துணி விட்ட?"

சித்தி குனிந்து பார்த்தாள். அவளுக்கே தெரியவில்லை. பாதியாக இளைத்துப்போன உடம்புக்கு, மண்ணுக்குள் போகப்போகிற உடுப்புக்கு, கை தன்பாட்டில் வளர இடம் விட்டிருந்தது. வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தாள். சித்தப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் கண்ணீர்.

"வெட்டாத. பெரியவங்களுக்கு நீ விட்டதே இல்லையே," என்றார். கத்தரிக்கோலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "எனக்கும் ஒரு சட்டை தச்சு வை. உள்ள துணி விட்டு."

அவள் கடைசியாக எடுத்தது அவர் அளவுதான். சட்டையில் கை தைப்பது மட்டும் பாக்கி நின்றுபோனது. அதைப் பிறகு நான் தைத்தேன், இரண்டு விரல் துணி விட்டு.

அடக்கத்தன்று சித்தப்பா மர நிழலில் நிற்கவில்லை. ஆலயத்துக்குள் முன்வரிசையில் இருந்தார். பெட்டியை மூடப்போகும்போது எழுந்து வந்தார். கவுனின் ஓரத்தை மடித்து, உள்ளே துணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு போதகரை நிமிர்ந்து பார்த்தார்.

"சரியா இருக்கு," என்றார். "அனுப்புங்க."