நான் குத்திய பெயர்த் தாள்

போன மாதம் மகன் குகன் வேலையிடத்திலிருந்து தொலைபேசி எடுத்தான். "அப்பா, பிரட் காலமாகிட்டாராம். ஹார்ட் அற்றாக்." சோற்றில் இருந்த கையைக் கழுவினேன். அழுகை வரவில்லை. பழைய கோபம்தான் வந்தது.

கிரான்பர்னில் எங்கள் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்துக் கழகத்துக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் பிரட்டைத் தெரியும். பெரிய லீக்கில் ஆடி, இரண்டு முழங்காலும் பழுதாகி, 2010இல் எங்களுக்குப் பயிற்சியாளராக வந்தார். முதல் நாளே மழை. எல்லாரையும் சேற்றில் உருளச் சொல்லித் தானும் படுத்து உருண்டார். "அழுக்காகிவிட்டோம். இனி என்ன பயம்? ஓடுங்கள்!" குகனும் உருண்டான். தண்ணீர்ப் போத்தல் நிரப்பிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவருக்கு நான் "மிஸ்டர் வோட்டர்."

வியாழன் பயிற்சி முடிந்ததும், சனிக்கிழமை ஆடுகிறவர்களின் பெயர்த் தாளைப் பலகையில் குத்துவது வழக்கம். பிரட் ஒரு விதி வைத்திருந்தார். "நீக்கப்படுகிறவனுக்கு முகத்துக்கு நேரே சொல்வேன். தாளைப் பார்த்து எவனும் அறியக் கூடாது." ஒருமுறை காய்ச்சலோடு கார் ஓட்டிப்போய், ஒருவன் வேலை செய்த பேக்கரி வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தார்.

2012 இறுதி ஆட்டத்துக்கு முந்திய வியாழன் தாளை என் கையில் தந்தார். "மிஸ்டர் வோட்டர், இன்றைக்கு நீங்கள் குத்துங்கள்." எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. அது அவருக்குத் தெரியும். பெருமையோடு நான்கு மூலையிலும் ஊசி குத்தி, "தம்பி, ஓடி வா! வந்து பார்!" என்று குகனைக் கூப்பிட்டேன். அவன் மேலிருந்து கீழே பார்த்தான். பிறகு கீழிருந்து மேலே.

"என்னடா, எத்தினையாவது பேர்?"

"என்ர பேர் இல்லை அப்பா."

திரும்பிப் பார்த்தேன். பிரட்டின் கார் வாசலைக் கடந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை வென்றோம். குகனின் இடத்தில் பிரட்டின் பழைய நண்பனுடைய தம்பி ஆடினான். கோப்பையோடு என்னிடம் வந்தவரை, ஏன் குகனிடம் சொல்லவில்லை என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை."

"என் முகத்தை மட்டும் பார்க்க முடிந்ததா?"

கோப்பையைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களிடம் போய்விட்டார்.

அடுத்த கிழமையே நூலகத்தில் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். முதலில் ஆங்கிலம், பிறகு தமிழ். எழுபத்தொரு வயதில் ஒரு கடைப் பெயரை முழுதாக வாசித்துவிட்டுத் தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன். இதையும் நானே எழுதுகிறேன், நாலு நாளாகிறது. இவ்வளவு சந்தோஷத்திலும் பிரட்டுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. இறுதிச் சடங்கில் குகன் அவருடைய சவப்பெட்டியைத் தூக்கினான். நான் கடைசி வரிசையில் நின்றேன்.

போன வியாழன் புதிய பயிற்சியாளர் தாளைத் தந்தார். ஒவ்வொரு பெயராக வாசித்தேன். சென்ற வாரம் ஆடிய ஒருவனைக் காணவில்லை.

"அவனிடம் சொல்லிவிட்டாயா?"

"பிறகு சொல்கிறேன்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். "சொல்லிவிட்டு வா. பிறகு குத்துகிறேன்."

பிரட், உன் விதியை நீ கைவிட்டாய். நான் வைத்திருக்கிறேன்.