விரும்பினால் நிரப்பவும்

விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவனுக்குக் கையெழுத்து அழகாக இருக்கத் தேவையில்லை. எதை நிரப்பாமல் விடுவது என்று தெரிந்தால் போதும். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்த நான் இங்கே கனடாவில், கிழமை நாட்களில் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் சாமான் அடுக்குவேன். சனிக்கிழமைகளில் வோபர்னில் ஒரு தமிழ்க் கடையின் பின்னறையில் இருந்து எங்கள் பிள்ளைகளின் பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுப்பேன். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஒரு படிவம் கேட்டு, பேனாவைப் பிடித்தபடி நீங்களும் ஒருநாள் உறைந்துபோய் இருந்திருந்தால், மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை.

நீலத் தாள்

தொண்ணூறுகளில் சில கல்லூரிகள் விண்ணப்பத்தோடு தனியாக ஒரு நீலத் தாளையும் வைத்து அனுப்பத் தொடங்கின. நீங்கள் வெள்ளையர் அல்லாதவரா, எந்த இனம், பக்கத்தில் உள்ள சதுரக் கூட்டுக்குள் புள்ளடி போட்டு அடையாளம் காட்டவும். கீழே சின்ன எழுத்தில், விரும்பினால் மட்டும். எனக்கு அதை முதலில் காட்டியவர் செல்வராசா. மிசிசாகாவில் விமான நிலையத்தில் ராக்ஸிக் கார் ஓடுகிறவர். மகனின் விண்ணப்பத்தோடு வந்து, இதை ஏன் கேட்கிறார்கள் என்றார். உதவி செய்யவும் கேட்கலாம், கணக்கெடுக்கவும் கேட்கலாம் என்று நான் சொன்னேன்.

எண்பத்து மூன்றில், தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரத்தின்போது, அவர் கொழும்பில் இருந்தவர். வீடு தேடி வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்ததை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவர். நீலத் தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "மாஸ்ரர், கட்டாயம் எழுது எண்டு கேட்டா ஏன் எண்டு விளங்கும். விருப்பமெண்டால் எழுது எண்டு கேக்கிறவனுக்குத்தான் நான் பயம்."

ஆறு புள்ளி

அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தோடும் நீலத் தாளை நான் அனுப்பவிடவில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவுமில்லை, தவமணியும் மகள் கௌரியும் வரும்வரை. தவமணி மட்டக்களப்புக்காரி, முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. கௌரி மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள். போன வருடம் கிடைக்கவில்லை. இந்த முறையும் இல்லையென்றால் மருத்துவத்தை மறந்துவிடுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

நான் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருக்க, தவமணி தன் கதையைச் சொன்னார். அவரும் ஒருகாலம் மருத்துவத்துக்குச் சோதனை எடுத்தவர். பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்து, பிறகு மாவட்டத்துக்கு இவ்வளவு இடம் என்று பிரித்து, யாழ்ப்பாணத்தைவிட மட்டக்களப்புக்குக் குறைந்த புள்ளி போதும் என்றிருந்த காலம். அந்த வெட்டுப் புள்ளிக்கும் அவருக்கு ஆறு புள்ளி காணாமல் போய்விட்டது. பஸ்ஸைத் தவறவிட்ட கதை போலத்தான் சொன்னார். "எங்கட மாவட்டத்துச் சீற்றில போனது யாழ்ப்பாணத்துப் பொடியன் மாஸ்ரர். பள்ளிக்கூடத்து லிஸ்டில அவன்ர பேரைக் கண்டனான், ஆளை ஒருநாளும் காணேல்லை."

மூன்று கடிதங்கள்

நான் தலையை நிமிர்த்தவில்லை. அந்த வருடங்களில் என்னிடம் படித்த மூன்று பொடியன்களுக்கு மட்டக்களப்பில் விலாசம் தேடிக் கொடுத்தவன் நான். அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று பொய்க் கடிதமும் எழுதினேன். தமிழில் எழுதினான் என்பதற்காக ஒரு பிள்ளை கூடுதலாகப் புள்ளி எடுக்க வேண்டும் என்றது அநியாயம். அந்தக் கதவைத் தோளால் தள்ளுகிறேன் என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை நிற்கக்கூடும் என்று யோசிக்கவில்லை. மூவரில் இருவர் இன்று டொக்டர்கள். தவமணியிடம் இதைச் சொல்லாமல் கட்டுரையின் அடுத்த பந்தியைத் திருத்தினேன்.

அந்த நேரம் பார்த்துக் கௌரி நீலத் தாளை எடுத்து, இதை நிரப்பவா என்று கேட்டாள். புள்ளடி போட்டால், இந்த ஆட்கள் போதும் என்று ஒதுக்குவார்களோ? போடாவிட்டால் ஒரு சலுகை போய்விடுமோ? தாயின் இடத்தைப் பறித்தவன் மகளின் இடத்தையும் கெடுக்கப்போகிறேனோ? எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதபோது பயம்தான் முடிவெடுக்கும். வேண்டாம் என்றேன். மாஸ்ரர் சொன்னால் கேள் என்றார் தாய். கௌரி என்னையே பார்த்தாள். "சீரியஸ்லி மாஸ்ரர், என்ர ஃபுல் நேமில இருபத்தாறு எழுத்து. கூட்டை வெறுமையா விட்டா நான் ஆரெண்டு அவங்களுக்குத் தெரியாதோ?"

டக்கின் மகன்

வசந்தத்தில் கடிதம் வந்தது: காத்திருப்போர் பட்டியல். ஒவ்வொரு சனிக்கிழமையும் தவமணி போன் எடுத்து, இன்னும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வைப்பார். போன் மூன்று தரம் அடித்த பிறகுதான் நான் எடுப்பேன்.

வெயர்ஹவுஸில் என்னோடு வேலை செய்த டக் என்ற வெள்ளைக்காரனின் மகனும் அதே கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு, இல்லை என்று பதில் வந்திருந்தது. இடங்களை வேறு ஆட்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனுசன், எனக்கும் சேர்த்துத்தான் கோப்பி வாங்கி வருவான். அவன் கேட்ட கேள்வியை இதே குரலில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் அறையில் நான் கேட்டிருக்கிறேன். அதுதான் என்னைக் கூடுதலாகப் பயப்படுத்தியது. "உன்னில எனக்குக் கோபமில்லை. ஆனா என்ர பிள்ளை செய்த பிழை என்ன, அதை மட்டும் சொல்லு."

கௌரியின் கேள்வி

ஓகஸ்டில் கௌரிக்கு இடம் கிடைத்தது. ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை தனியாக வந்தாள். நான் ஒதுக்கிப்போட்ட நீலத் தாளை அன்றைக்கே எடுத்துப்போய், புள்ளடி போட்டுச் சேர்த்து அனுப்பினவளாம். எனக்குக் கோபம் வரவில்லை. இவளின் இடத்தையாவது நான் கெடுக்கவில்லை என்ற ஆறுதல்தான் வந்தது.

அவள் முகத்தில் அந்த ஆறுதல் இல்லை. வகுப்பில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே, நீயும் அந்தத் தாளால் வந்தவளா என்று கேட்டிருக்கிறான். அலுவலகத்துக்குப் போன் எடுத்து விசாரித்தாளாம். அது கணக்கெடுக்க மட்டும், தெரிவுக்கு அதைப் பார்ப்பதில்லை என்றார்களாம். பார்த்தாலும் அப்படித்தானே சொல்வார்கள் என்றாள். அந்த மூன்று கடிதங்களைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்தேன். உன் தாய்க்கு ஆறு புள்ளி காணாமல் போனது அவர்களில் ஒருவனால்கூட இருக்கலாம் என்றேன். திட்டுவாள் என்று பார்த்திருந்தேன். மேசையில் கிடந்த விண்ணப்பங்களை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள். "நான் மார்க்ஸால வந்தனானோ கூட்டால வந்தனானோ எண்டு எனக்கு நித்திரை இல்லை. அந்த மூண்டு பேரும் உங்களிட்ட ஒருநாளும் இதைக் கேக்கேல்லையோ மாஸ்ரர்?"

நியாயம் கேட்டுக் கேட்டே எங்கள் தலைமுறைக்கு வயதாகிவிட்டது; அது வந்தால் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாததால், வந்த பிறகும் பயந்துகொண்டுதான் இருக்கிறோம்.