இரண்டு பிள்ளைகள், ஒரு பத்தியம்

ஆஸ்பத்திரி நடைபாதையின் கடைசியில் தாய்மார்கள் பால் எடுக்கும் அறை இருந்தது. அங்கே நான் முகங்களைப் பார்த்ததில்லை, போத்தல்களைத்தான் பார்ப்பேன். யாருடையதில் எவ்வளவு என்று கண் தானாக அளந்துவிடும். என் போத்தலில் அடிப்பாகம் மட்டும் நனைந்திருக்கும்.

என் மகள் தாரணி இரண்டு மாதத்துக்கும் மேல் முந்திக்கொண்டு பிறந்தவள். குறைமாதப் பிள்ளையைப் பெற்றவர்களுக்குப் பயம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். பொறாமை வரும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அதுதான் அதிகம் வந்தது.

காரணம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் கொழுந்தனின் மனைவி பிரேமா அதே வாரத்தில் ஹரிஷைப் பெற்றாள், நிறைமாதமாக. மலேசியாவின் கோல சிலாங்கூரில் எங்களுக்கு ஒரே வீடு, அடுத்தடுத்த அறைகள். அவள் பிள்ளை தொட்டிலில் கிடந்தான், என் பிள்ளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். பிரேமாவின் சட்டை பாலில் நனைந்திருப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். பார்க்க வந்தவர்கள் ஹரிஷின் தொடையைக் கிள்ளிக் கொஞ்சிவிட்டு, என் அறை வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்துவார்கள். எனக்கு எழுந்துபோய்க் கதவைச் சாத்தத் தோன்றும்.

"இந்த மாசங்கள்லதான் மூளை வேகமா வளரும்மா. வயித்துக்குள்ள நடக்க வேண்டிய வேலை இப்ப வெளியே நடக்குது. அதுக்கு உங்க பால்தான் முதல் சாப்பாடு," என்றார் டாக்டர். தாரணிக்கு உறிஞ்சத் தெரியாது. மூக்குக்குழாய் (பாலை நேராக வயிற்றுக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்) வழியாகத்தான் ஊட்டினார்கள். பாலில் செறிவூட்டி (புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்த தூள்) கலக்க வேண்டும் என்றபோது, அந்தத் தூள் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது.

"என் பால் போதாதா டாக்டர்?"

"நல்ல பால்தான். உங்க பொண்ணுக்கு அவசரம், அவ்வளவுதான்."

ஆனால் கலப்பதற்கே என்னிடம் பால் இல்லை. தாரணிக்கு எடை ஏறவில்லை. இப்படியே போனால் குறைமாதக் குழந்தைகளுக்கான மாவுப்பாலுக்கு மாற வேண்டும், இவ்வளவு சின்னக் குடலுக்குத் தாய்ப்பால்தான் பாதுகாப்பு, முடிந்தவரை முயன்று பாருங்கள் என்றார். "நல்லா சாப்பிடுறீங்களா? தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அது பொய்.

வீட்டில் பத்தியம் நடந்தது. சுட்ட கருவாடு, பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், அரை டம்ளர் வெந்நீர். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று அத்தை, என் மாமியார், அதற்கு மேல் தரமாட்டார். பிள்ளையை உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாத உடம்பு, இனியாவது சொன்னபடி கேட்கட்டும் என்று நானும் ஒரு சொட்டு கூடுதலாகக் குடிக்கவில்லை. பிரேமாவுக்கும் அதே சோறு, அதே அரை டம்ளர். அவளுக்கு மட்டும் எப்படிப் பொங்குகிறது? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, அவள் அறைக்கதவைத் தள்ளினேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பெரிய போத்தலில் தண்ணீரைக் கடகடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் பாதி தின்ற ரொட்டியும் ஒரு பொட்டலம் மைலோ பானமும் கிடந்தன.

"அக்கா, அத்தைகிட்ட சொல்லிடாதீங்கலா! பால் குடுத்தா தொண்டை காயுது. அவர்தான் தினம் ஒளிச்சு வாங்கிட்டு வருவாரு."

என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "நீங்க நெசமாவே பத்தியம் இருக்கீங்களா?"

அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அவள் பாலைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள், இப்போது அவள் திருட்டுத்தனத்தைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். அதுகூட எனக்கு வாய்க்கவில்லையே. போத்தலைப் பிடுங்கி மிச்சத் தண்ணீரை முழுதும் குடித்தேன். குடித்து முடித்தபோதுதான் அழுகிறேன் என்று தெரிந்தது.

மறுநாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். தாகம் தீரக் குடிக்கவும், வயிறாரச் சாப்பிடவும், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் பால் எடுக்கவும் சொன்னார். தண்ணீர் மட்டும் பாலாகிவிடாது, எடுக்க எடுக்கத்தான் ஊறும் என்றார். "டாக்டர் ஆர்டர்மா," என்று என் கணவர் வீட்டில் சொன்னதும் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் சாயங்காலம் என் அறை வாசலில் ஒரு ஜக் தண்ணீர் இருந்தது. பால் மெல்ல மெல்ல ஏறியது. கொஞ்ச நாளில் தாரணியின் எடையும் ஏறத் தொடங்கியது.

பால் வற்றி வெகுநாளாகிறது. இன்றும் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தால் மார்பு ஒருகணம் இறுகும். தாரணிக்கு இரண்டு விதமாக வயது சொல்கிறார்கள், பிறந்த நாளிலிருந்து ஒன்று, திருத்திய வயது (பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவது) இன்னொன்று. வளர்ச்சியைப் பின்னதை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஹரிஷ் நடந்த அன்று அந்தக் கணக்கெல்லாம் எனக்கு உதவவில்லை. பழையபடி வயிறு எரிந்தது.

போன மாதம் ஹரிஷ் தத்தித் தத்தி வந்து தாரணியின் பிஸ்கட்டைப் பறித்துக்கொண்டு போனான். அவள் வீறிட்டாள். சோபாவின் விளிம்பைப் பிடித்தாள், முழங்கால் நடுங்க எழுந்து நின்று அவனைப் பார்த்துக் கையை நீட்டினாள். முதல் முறையாக நின்றாள்.

பிஸ்கட்டுக்காக நின்றுவிட்டாள் என்று பிரேமா கைதட்டிச் சிரித்தாள். தாரணி பிஸ்கட்டைப் பார்க்கவே இல்லை. அவன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.