ரப்பர் மூடியும் தேங்காய் எண்ணெயும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஒரு டாக்டரம்மாவின் சின்ன வைத்தியசாலையில் நான் நர்ஸாக இருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வருகிறவர்களைத் திட்டாமல் மருந்து கொடுத்த நாள் குறைவு.

துறைமுகத்தில் கரிக்கூடை சுமக்கும் ஒருத்தி எங்களிடம் வந்துகொண்டிருந்தாள். ஐந்து பிரசவம். ஐந்தாவதில் உதிரம் நிற்காமல், அவள் பிழைத்ததே பெரிய காரியம். "இன்னொண்ணு தங்கினா உன்னைக் காப்பாத்த என்னால முடியாதும்மா" என்று டாக்டரம்மா நேராகவே சொல்லிவிட்டார். சீமையிலிருந்து வரவழைத்த ரப்பர் மூடி ஒன்றை அளவு பார்த்துக் கொடுத்தார். கருப்பையின் வாயை மூடிக்கொள்ளும் சின்னக் கிண்ணம் அது. எப்படி வைப்பது, எப்போது எடுப்பது, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து டப்பியில் வைப்பது எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பத்துக் குடித்தனத்துக்கு ஒரே குழாய் இருக்கும் இடத்தில், அதை யார் கண்ணிலும் படாமல் எப்படிக் கழுவுவாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் டப்பியோடு வந்து நின்றாள். நாள் தள்ளிப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. டப்பியைத் திறந்தேன். மூடி உப்பிப்போய், பிசுபிசுவென்று, விளிம்பில் கீறல் விட்டிருந்தது. தேங்காய் எண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது.

"அடிப்பாவி! எண்ணெயா தடவினே? எண்ணெய் பட்டா ரப்பர் ஊறிப் போயிடும்னு தெரியாதா?" என்று கத்தினேன்.

"தெனமும் தடவி வெச்சேன் நர்சம்மா. கெட்டுப்போவாம இருக்கட்டும்னுதான். நீ தடவாதேன்னு சொன்னியா?"

சொல்லவில்லை. அரிவாள்மணையோ பூட்டோ, எதை எடுத்து வைத்தாலும் ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். என் வீட்டிலும் அப்படித்தான். மூடி வாங்கிப்போனவர்களிலேயே அதை அருமையாகப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அதனாலேயே அது கெட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பொறுத்துப் பார்ப்போம் என்று டாக்டரம்மா அவளை அனுப்பிவைத்தார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் உச்சிவெயிலில், முகமெல்லாம் கரியோடு ஓடிவந்தாள்.

"வந்துடுச்சி நர்சம்மா!"

அவளைக் கட்டிக்கொண்டேன். என் வெள்ளைப் புடவை போயே போச்சு. போகட்டும், சனியன்!

டாக்டரம்மா அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். "எப்படிப்பட்டது இருந்தா உனக்குத் தோது? சொல்லு, மூடி செய்யறவங்களுக்கு எழுதறேன்."

"என்னையா கேக்கறே?" என்று சிரித்தாள். பிறகு மடமடவென்று சொன்னாள்: "ஒரு தபா வெச்சா அஞ்சாறு வருசம் சும்மா கெடக்கணும். கழுவிகினு, ஒளிச்சிகினு, இன்னா பேஜாரு இது! ஆனா வயிறு நோவக்கூடாது, தலை சுத்தக்கூடாது. கூடை தூக்கணுமில்ல?"

வெளிதேசத்தில் வெள்ளி வளையம் ஒன்றைக் கருப்பைக்குள் வைத்துப் பார்க்கிறார்களாம். சிலருக்கு வலியும் சீழும் வருவதால் இப்போது அவளுக்கு வைக்கத் துணிவில்லை என்றார் டாக்டரம்மா. "ஆனா நல்லதா ஒண்ணு வராம போகாது. உன்னை மாதிரி கேட்டாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, அவள் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினார். நான் புது மூடியைக் கொடுத்து, எண்ணெய் கூடாது என்று மூன்று தரம் சொன்னேன்.

"வேற ஏதாவது எழுதணுமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பதில் வர்ற வரைக்கும் நான் உசுரோட கீறேன்னு எழுது."