டீச்சரின் ரிவால்வருக்கு அளவெடுத்த நாட்கள்

கரமனையில் ஆற்றுக்குப் போகும் சந்தில் என் தையல் கடை. மழைக்காலத்தில் அங்கே நண்பகலிலேயே வெளிச்சம் பச்சையாகிவிடும். எதிர் மதிலில் பாசி, அதற்கு மேலே பலாமரம். அந்த வெளிச்சத்தில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தால் நான் விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். அப்படி ஒரு பகலில்தான் டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"லைசன்ஸ் வந்துடுத்து" என்றார்.

"வண்டி வாங்கப் போறீங்களா டீச்சர்?"

"வண்டிக்கில்லைடி. துப்பாக்கிக்கு."

பதினைந்து வருடமாக அவருக்கு ரவிக்கை தைக்கிறேன். நான் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்தவள். அவர் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் இறந்தபிறகு தனியாக இருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலை, பால் பாக்கெட் எடுக்க கேட்டைத் திறந்தபோது, இரண்டு பேர் ஒருவனை வெட்டுவதை அவர் கண்டார். தெருவில் வேறு யாரும் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னார்கள். இவர் கோர்ட்டில் போய் நின்று, இவன், இவன் என்று கைகாட்டினார். இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள். அப்பீலில் ஒருவன் வெளியே வந்துவிட்டான். கொஞ்ச நாளில் கேட்டின் கம்பியில் ஒரு சீட்டு செருகியிருந்தது. அதில் டீச்சரின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. அவர் மனு கொடுத்தார். போலீஸ் விசாரணை, டாக்டர் சர்டிபிகேட், சுடுவதற்குப் பயிற்சி என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது.

"வாங்கி அலமாரியில வெச்சுப் பூட்டறதுக்கு இல்லை. வெளியில போறச்சே எங்கூட இருக்கணும். ஆனா ஒருத்தருக்கும் தெரியப்படாது. பையில வெச்சா பையையே பறிச்சுண்டு போவான். துணி எப்படி விழும்னு நோக்குத்தான் தெரியும். கடைக்கு நீயும் வா" என்றார்.

நான் துப்பாக்கிக் கடைக்குள் போனது அதுதான் முதல் தடவை. வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. உள்ளே எண்ணெய் வாசனை, என் மிஷினுக்கு விடுகிற எண்ணெய் மாதிரியே. கடைக்காரர் நரைத்த தாடிக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். லைசன்ஸைக் கண்ணாடி மாட்டிப் படித்துவிட்டு, பச்சைத் துணி விரித்த மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பிஸ்டல், சீப்புப் பெட்டி போலத் தட்டையானது. இன்னொன்று சின்ன ரிவால்வர். நடுவில் குண்டு போடுகிற உருளை வயிறு மாதிரித் தள்ளிக்கொண்டிருந்தது.

"டீச்சரே, ரெண்டும் காலி. நானே செக் செய்தது. பிடிச்சு நோக்கிக்கோ" என்றார்.

பிஸ்டலை அவர் இடுப்பில் வைத்துப் பார்த்தேன். புடவைக்கு அடியில் அது இருக்குமிடமே தெரியவில்லை. ரிவால்வர் வைத்த இடத்தில் துணி ஒரு எலுமிச்சம்பழத்தை விழுங்கினது மாதிரி நின்றது. எனக்குச் சந்தோஷம். "இந்தத் தட்டையானதுதான் நல்லது டீச்சர்" என்றேன்.

ஆனால் பிஸ்டலில் முதல் குண்டை ஏற்ற மேல்பாகத்தைப் பிடித்துப் பின்னால் இழுக்கவேண்டும். டீச்சர் இழுத்தார். அது பாதி வழி வந்து நின்றது. மறுபடி இழுத்தார். முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்த கை, கட்டைவிரலின் அடி மூட்டு வீங்கியே இருக்கும். வலியில் அவருக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் என்னைக் கேட்டார். "நெஜத்தைச் சொல்லு. எது நல்லதுன்னு சொன்னே, நேக்கா, நோக்கா?"

"எனக்குத்தான் டீச்சர். தைக்க எளுப்பமா இருக்கும்னு சொல்லிட்டேன்."

அவர் சிரித்தார். ரிவால்வரைக் கையில் எடுத்தார். அது அவர் உள்ளங்கையில் பொருந்தி உட்கார்ந்தது. உருளையை வெளியே தள்ளி, சுற்றி, மறுபடி உள்ளே தள்ளினார். வலித்ததாகத் தெரியவில்லை. "இதுவே போரும். மிச்சம் உன் பாடு" என்றார்.

நான் அதை ஒரு பழைய பேப்பர்மேல் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டேன். எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு ஒரு தோல் உறையும் வாங்கினோம். விசையை மூடிக்கொள்ளும் உறைதான் வேண்டும் என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அசலை வைத்துக்கொண்டு பழகிப்பார்க்க எனக்குப் பயம். விழிஞ்ஞம் கடற்கரையில் மீன்வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள் கிடைக்கும். அவற்றை வாங்கிவந்து, கான்வாஸில் அதே உருவத்தில் ஒரு பை தைத்து, அதே எடைக்கு நிரப்பினேன். டீச்சர் அதைப் புடவைக்குள் கட்டிக்கொண்டு ஒரு நாள் நடந்தார். சாயங்காலம் கொசுவத்தை ஒரு கையால் பிடித்தபடியே வந்தார்.

"நடுரோட்டுல அவுந்திருக்கும்டி. ரெண்டு தடவை தப்பிச்சேன்."

"அப்ப சுடிதார்தான் டீச்சர் வழி."

"இந்த வயசிலயா?"

சுவரில் இருந்த கண்ணாடியை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கி நின்றார். நான் டேப்பை எடுத்தேன். பதினைந்து வருடத்தில் அவருடைய மார்பளவும் கையளவும் மட்டுமே எனக்குத் தெரியும். இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போனபோது, பரிச்சயமான ஒரு வீட்டில் பூட்டியே கிடந்த அறைகளைத் திறப்பதுபோல இருந்தது.

அந்த நாட்களில் வேறு எந்தத் துணியை வெட்டினாலும் என் கை அந்த உருவத்தைத்தான் தேடியது. ஒரு பிள்ளையின் யூனிபார்முக்குப் பாக்கெட் வைக்கும்போது, இதற்குள் எது போகும், எவ்வளவு தொங்கும் என்று யோசித்து அப்படியே உட்கார்ந்துவிடுவேன். பஸ்ஸில் போகிற பெண்களின் துப்பட்டாவைப் பார்ப்பேன். யார் யார் எதை எதைச் சுமந்துகொண்டு போகிறார்களோ என்று இருக்கும். மழை தகரத்தில் விழும் சத்தம் மிஷின் சத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். சில சமயம் நான் காலை எடுத்தபிறகும் மிஷின் ஓடுவது மாதிரியே கேட்கும்.

கடைசியில் இப்படிச் செய்தேன். நாலு விரல் அகலத்தில் கான்வாஸ் பெல்ட், அதில் உறையைச் சேர்த்துத் தைத்தேன். மேலே முழங்கால்வரை தொளதொளப்பான குர்த்தா. ஒரே நிறத்தில் எடுத்தால் புடைப்பு தெரியும் என்பதால் சின்னச் சின்ன இலை அச்சடித்த கனமான பருத்தி. வலது பக்கத்தில் துணி பிரிகிற வெட்டை மட்டும் இரண்டு அங்குலம் உயர்த்தி, உள்ளே ஒரு மடிப்பு வைத்தேன். நடந்தால் மூடியிருக்கும், கையை விட்டால் வழிவிடும். முதலில் உட்காரும்போது உருளை வயிற்றில் குத்தியது. உறையை ஒரு அங்குலம் பின்னால் தள்ளினேன். ஆட்டோவில் ஏறி இறங்கி, குனிந்து நிமிர்ந்து, பேக்கரி வரை நடந்து திரும்பினார். நான் பின்னாலேயே நடந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

பேக்கரிக்காரி மட்டும் புது உடுப்பு பொருத்தமாக இருக்கிறதென்று பாராட்டினாள். "டீச்சரே, நல்லா சேருந்நுண்டு கேட்டோ. பத்து வயசு குறஞ்சது போல."

டீச்சரின் காது சிவந்துவிட்டது. அடுத்த வாரம் இன்னும் மூன்று செட்டுக்குத் துணியோடு வந்தார். ஒன்று மாம்பழ மஞ்சள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் டீச்சர் கடைக்குள் வந்து, நான் வெட்டிய துண்டுகள் கிடந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"அவனைப் பார்த்தேன்" என்றார். "கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில. நேக்கு நேரா வந்தான்."

"ஐயோ! பொறவு?"

"மஞ்சக் குர்த்தா போட்டுண்டிருந்தேன். கை தானா வெட்டுக்குள்ள போயிடுத்து. பிடி கையில தட்டுப்பட்டுது. அவன் கூட ஒரு சின்னப் பொண்ணு, மகளா இருக்கும். விழிஞ்ஞம் பஸ் எங்க நிக்கும்னு கேட்டான். என்னைச் சேச்சின்னு கூப்பிட்டான். அவனுக்கு மனசிலாகலை, கேட்டியா. என்னைத் தெரியவே இல்லை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அந்த மூணாவது தூண் பக்கத்திலன்னேன். வேற என்ன சொல்றது? போயிட்டான். ஏறி உக்காந்து அந்தப் பொண்ணுக்கு ஜன்னல் பக்கம் இடம் விட்டான். பஸ் போறவரைக்கும் என் கை உள்ளேயேதான் இருந்தது."

அவர் வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்தார். நான் என் கையை அதன்மேல் வைத்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. டீ போட்டு எடுத்துக்கொண்டு நான் உள்ளேயிருந்து வந்தபோது, டீச்சர் தலையைச் சுவரில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த விடியற்காலைக்குப் பிறகு சரியாக ஒரு தூக்கம் கிடையாது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். இப்போது வாய் லேசாகத் திறந்து, சின்னக் குறட்டையோடு. மாம்பழ மஞ்சள் குர்த்தா பச்சை வெளிச்சத்தில் எங்கோ தண்ணீருக்கடியில் விரிந்து கிடப்பதுபோல இருந்தது.

நான் மிஷினில் உட்காரவில்லை. ரவிக்கை வாங்க வந்த ஒருத்தியிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டி நாளைக்கு வரச் சொன்னேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் போனாள். டீ ஆறிப்போனது. நான் வாசற்படியில் உட்கார்ந்து, சந்தில் ஆற்றை நோக்கி ஓடுகிற மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.